வேதாகமத்தின் வரிசை



நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் கற்பித்து வந்தேன். ரோமப் பேரரசும் கிறிஸ்தவ சமயத்தின் தோற்றமும் அந்த ஆண்டுப் பாடங்களுள் அடங்கும். அரையாண்டுத் தேர்வில், "நான்கு சுவிசேஷங்களுள் முதன்முதலாக எழுதப்பட்டது எது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு இரண்டு மதிப்பெண். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் 'மத்தேயு' என்று எழுதியிருந்தது. கடைசிப் பெஞ்சில் உட்காரும், அதிகம் பேசாத ஒரு பையன் மட்டும் 'மாற்கு' என்று எழுதியிருந்தான். நான் சிறிதும் தயங்காமல் சிவப்பு மையால் அதை அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் என் மேஜையருகே வந்து நின்றான். "ஸார், மாற்குதான் முதலில் எழுதினார் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்" என்றான். நான் நூல்நிலையத்திலிருந்து ஒரு பைபிளை வரவழைத்து, புதிய ஏற்பாட்டின் பொருளடக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தேன். "முதலில் என்ன இருக்கிறது, படி" என்றேன். "மத்தேயு" என்று படித்தான். "அப்புறம்?" "மாற்கு." "சரி, போய் உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் போய் உட்கார்ந்தான்.

பொருளடக்கத்தில் முன்னால் நிற்பது காலத்தாலும் முற்பட்டது என்று நான் எண்ணியது எவ்வளவு பெரிய பேதைமை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். வேதாகமத்தின் நூல்கள் இன்றுள்ள வரிசையில் எப்படி வந்து அமைந்தன என்ற சரித்திரத்தைப் படிக்க எனக்கு அந்தப் பையனே காரணம். அந்தச் சரித்திரத்தின் சில பக்கங்களை இன்று உங்களுடன் சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

'பைபிள்' என்ற சொல்லே கிரேக்க மொழியில் 'நூல்கள்' என்று பன்மைப் பொருள் தருவது. ஒரு நூல் என்று நாம் கையில் எடுப்பது உண்மையில் ஒரு நூலகம். பல நூற்றாண்டுகளில், பல ஊர்களில், பலர் எழுதியவை அதில் அடங்கியிருக்கின்றன. ஆதிகாலத்தில் அவை ஒரே கட்டடத்திற்குள் இருந்தவையும் அல்ல. பாப்பிரஸ் என்னும் நாணலிலிருந்து செய்த தாளிலோ தோலிலோ எழுதி, சுருட்டி வைப்பதே அக்கால வழக்கம். லூக்கா சுவிசேஷம் அளவுள்ள ஒரு நூலே ஒரு சுருளை நிரப்பிவிடும். ஆகவே வேதநூல்களை வைத்திருந்த ஒரு சபையிடம் ஒரு பெட்டி நிறையச் சுருள்கள் இருக்கும். பெட்டிக்குள் கிடக்கும் சுருள்களுக்கு முன் ஏது, பின் ஏது? எதை முதலில் எடுக்கிறோமோ அதுவே முதல்.

கிறிஸ்தவர்கள் மிகத் தொடக்கத்திலேயே சுருளை விட்டு, ஏடுகளை மடித்துத் தைக்கும் புத்தக வடிவத்தை விரும்பி ஏற்றார்கள். தைத்துவிட்டால் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் நின்றே தீர வேண்டும். புத்தகம் தைப்பவனின் ஊசி ஒரு பெரிய கேள்வியை எழுப்பிவிட்டது. அந்தக் கேள்விக்கு அறிஞர்கள் விடை தேட வேண்டியதாயிற்று.

அவ்வாறு தேடியவர்களுள் நாம் பெயர் அறிந்தவர்களில் மிகப் பழையவர் மெலித்தோ. ஆசியா மைனரில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள சர்தை நகரத்தின் ஆயர் அவர். காலம் ஏறக்குறைய கி. பி. 170. ஒநேசிமு என்ற நண்பர், பழைய ஏற்பாட்டு நூல்களின் எண்ணிக்கை என்ன, வரிசை என்ன என்று அவரிடம் கேட்டார். மெலித்தோ தமக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பிவிடவில்லை. அந்நூல்கள் சொல்லும் நிகழ்ச்சிகள் நடந்த கிழக்குத் திசைக்கே பயணம் செய்து, நேரில் விசாரித்து அறிந்து, பின்னர் பட்டியலை எழுதினார். இக்கடிதத்தைச் செசரியா நகரத்து யூசேபியு என்னும் வரலாற்றாசிரியர் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தெழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. மோசேயின் ஐந்து நூல்களுள் எண்ணாகமம் முன்னும் லேவியராகமம் பின்னுமாக இருக்கின்றன. எஸ்தரின் பெயரே இல்லை. பட்டியல் எஸ்றாவோடு முடிகிறது. இவ்வளவு முயன்று கண்ட வரிசையும் இன்றைய வரிசையோடு ஒத்துப்போகவில்லை. ஆயினும் ஒரு வரிசையைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவர் கடலும் மலையும் கடந்து போனார் என்பதை நினைத்துப் பாருங்கள். நானோ என் மேஜையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை!

மெலித்தோ தேடிச் சென்ற யூத மரபில் நூல்கள் மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன: நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள். அம்மரபில் வரிசைக்குக் காரணம் கேட்டு விவாதித்திருக்கிறார்கள். யூதர்களின் தால்முத் என்னும் பெருநூலில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எரேமியா, எசேக்கியேல், ஏசாயா என்று வரிசை அமைகிறது. ஏசாயா காலத்தால் முற்பட்டவராயிற்றே, அவரைப் பின்னால் வைத்தது ஏன் என்ற கேள்வி அங்கேயே எழுப்பப்படுகிறது. விடையும் தரப்படுகிறது. இராஜாக்களின் நூல் அழிவில் முடிகிறது. எரேமியா முழுவதும் அழிவு. எசேக்கியேல் அழிவில் தொடங்கி ஆறுதலில் முடிகிறது. ஏசாயா முழுவதும் ஆறுதல். ஆகவே அழிவை அழிவோடும் ஆறுதலை ஆறுதலோடும் சேர்த்தோம் என்பது அதன் கருத்து. ஓசியா என்ற பழைய தீர்க்கதரிசியின் நூலைத் தனியே முன்னால் வைக்காமல் சிறு நூல்கள் பன்னிரண்டோடு சேர்த்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் இன்னும் எளியது: சிறிய நூல், தனியே இருந்தால் தொலைந்து போகும்!

நூல்களின் எண்ணிக்கையிலும் ஒரு நயம் கண்டார்கள். எபிரெய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். நியாயாதிபதிகளோடு ரூத்தையும், எரேமியாவோடு புலம்பலையும் சேர்த்து எண்ணினால் நூல்களும் 22 ஆகும். தனித்தனியே எண்ணினால் 24. கி. பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம் என்னும் பேரறிஞர் இந்த இரு கணக்குகளையும் விளக்கி, 24 என்பதை வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 24 மூப்பர்களோடு ஒப்பிட்டார். எபிரெய மொழியை ஆசிரியர் வைத்துக் கற்ற ஜெரோம், யூத மரபின் முப்பெரும் பகுப்பையே எடுத்துரைத்தார். அந்தப் பகுப்பில் தானியேல் தீர்க்கதரிசிகளோடு இல்லை, எழுத்துகளோடு இருக்கிறார்.

கிரேக்க மொழிபெயர்ப்பைப் படித்த கிறிஸ்தவர்களோ வேறு வழியில் சென்றனர். சரித்திர நூல்களை ஒன்று சேர்த்தனர். பாடல்களையும் ஞானநூல்களையும் ஒன்று சேர்த்தனர். தீர்க்கதரிசிகளை ஒன்று சேர்த்துத் தானியேலையும் அவர்களோடு வைத்தனர். இப்பகுதிகளுள் எது முன், எது பின் என்பதில் சுவடிக்குச் சுவடி வேறுபாடு உண்டு. வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் நான்காம் நூற்றாண்டுச் சுவடியில் தீர்க்கதரிசிகள் கடைசியில் நிற்கின்றனர். அங்கும் சிறு தீர்க்கதரிசிகள் பன்னிருவர் முன்னே வர, தானியேலோடு பழைய ஏற்பாடு முடிகிறது. பெரியவர்கள் முன்னும் சிறியவர்கள் பின்னுமாகி மல்கியாவோடு முடிவது இன்று பரவலாக வழங்கும் பதிப்புகளின் வரிசை.

இதனால் விளையும் பொருள் வேறுபாட்டைக் கவனியுங்கள். தால்முத் தரும் பட்டியலில் கடைசி நூல் நாளாகமம். அது, எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்று பாரசீக மன்னன் கோரேஸ் யூதர்களுக்கு அனுமதி அளிப்பதோடு முடிகிறது. மல்கியாவோ, எலியா மீண்டும் வருவான் என்ற முன்னறிவிப்போடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு தொடங்குகிறது. ஒரு வரிசை வாசகனை வீடு திரும்பும் வழியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மற்றொன்று, வரப்போகும் ஒருவருக்காக வாசலில் காத்திருக்கச் செய்கிறது. ஒரு சொல்லையும் மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றி, வேறு பொருள் தோன்றச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இனி, நான் தவறிய இடத்திற்கு வருகிறேன். நான்கு சுவிசேஷங்களுக்கும் பழங்காலத்தில் இரண்டு முக்கிய வரிசைகள் வழங்கின. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்பது ஒன்று. மத்தேயு, யோவான், லூக்கா, மாற்கு என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வரிசையை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ள பேசா சுவடியில் இன்றும் காணலாம். பழைய லத்தீன் மொழிபெயர்ப்புச் சுவடிகள் பலவும் அவ்வாறே அமைந்தவை. அதன் காரணம் விளங்கக்கூடியதே. மத்தேயுவும் யோவானும் இயேசுவின் நேர்ச் சீடர்கள் என்பது மரபு; லூக்காவும் மாற்கும் அச்சீடர்களைப் பின்பற்றியவர்கள். குருவை நேரில் கண்டவர்களுக்கு முதல் இடம், கேட்டறிந்தவர்களுக்கு அடுத்த இடம் என்று தகுதி பார்த்து வகுத்த வரிசை அது.

முதல் வரிசையோ, எழுதப்பட்ட காலத்தைப் பற்றிய மரபைப் பின்பற்றியது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகேன், மத்தேயு முதலில் எழுதினார், பின்னர் மாற்கு, லூக்கா, இறுதியில் யோவான் என்று தாம் மரபுவழியாக அறிந்ததைக் கூறுகிறார். ஆனால் அவருக்கு முன் அலெக்சாந்திரியாவில் போதித்த கிளெமெந்து, வமிச வரலாறு உள்ள சுவிசேஷங்களே முதலில் எழுதப்பட்டவை என்ற செய்தியைத் தருகிறார். அதன்படி மத்தேயுவும் லூக்காவும் முந்தியவர்கள். மாற்கு அவர்களுக்குப் பிந்தியவர். ஆக, அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது.

கி. பி. 382-ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் ஆயர் தமாசு, லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தித் தரும்படி ஜெரோமைக் கேட்டுக்கொண்டார். ஜெரோம் கிரேக்கச் சுவடிகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். தம் முன்னுரையில், மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்பதே வரிசை என்று குறித்தார். மக்கள் பழகிப்போன ஒன்றை மாற்றினால் தம்மைப் புரட்டன் என்று தூற்றுவார்கள் என்ற அச்சமும் அம்முன்னுரையில் வெளிப்படுகிறது. அவர் அஞ்சியபடியே எதிர்ப்பும் வந்தது. ஆயினும் அவர் மொழிபெயர்ப்பு மேலைநாடெங்கும் பரவியபோது அந்த வரிசையும் உடன் பரவி நிலைபெற்றது. இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. லூக்கா சுவிசேஷமும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் ஒரே ஆசிரியர் எழுதிய இரு பாகங்கள். இடையே யோவான் வந்து நின்றதால், அவை ஒரே நூலின் முன்பாதியும் பின்பாதியும் என்பதை வாசகர் பலர் மறந்தே போயினர்.

பவுலின் நிருபங்களுக்கு வருவோம். பெரும்பாலான அறிஞர் கருத்துப்படி, அவற்றுள் மிகப் பழையது தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், ஏறக்குறைய கி. பி. 50-இல் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டு வரிசையில் அது 13-ஆவது நூலாக நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்ட ரோமர் நிருபமோ எல்லா நிருபங்களுக்கும் தலைமை தாங்குகிறது. காரணம் என்ன? நீளம்! முதலில் சபைகளுக்கு எழுதியவை, பிறகு தனி மனிதர்களுக்கு எழுதியவை என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீண்டது முன்னும் குறுகியது பின்னுமாக அடுக்கியிருக்கிறார்கள். கலாத்தியரைவிட எபேசியர் சற்று நீளம் என்பது ஒன்றே குறிப்பிடத்தக்க விலக்கு.

நீளத்தை எப்படி அறிந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் எழுத்தர்கள் அளவான வரிகளை எண்ணிக் கணக்கிட்டார்கள், கூலியும் அக்கணக்கின்படியே. கி. பி. 301-இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் இட்ட விலைக்கட்டளையில், உயர்ந்த எழுத்தில் 100 வரி எழுதுவதற்கு 25 தெனாரி கூலி என்று விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் வரிக்கணக்கு கைவசம் இருந்தது. வரிசைப்படுத்துவோருக்கு அது வசதியாயிற்று.

இந்த அடுக்கில் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தது எபிரெயர் நிருபம். அதை எழுதியவர் பவுல்தானா என்ற ஐயமே அதற்குக் காரணம். எழுதியவர் யார் என்பது இறைவனுக்கே வெளிச்சம் என்று ஒரிகேனே சொல்லிவிட்டார். ஏறக்குறைய கி. பி. 200-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் சுவடி, அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் எபிரெயர், ரோமருக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் கம்பீரமாக நிற்கிறது. கீழைத் திருச்சபையார் அதைச் சபை நிருபங்களுக்குப் பின்னும் தனி நிருபங்களுக்கு முன்னுமாக வைத்தனர். ஐயம் மிகுந்த மேலைநாட்டாரோ எல்லாவற்றிற்கும் கடைசியில், பிலேமோனுக்குப் பின் வைத்தனர். இன்று நம் கையில் உள்ள பைபிளில் அது நிற்பது அங்கேதான்.

வத்திக்கான் சுவடியில் இதற்கு ஓர் அழகிய தடயம் இருக்கிறது. அதில் பவுலின் நிருபங்களுக்கு அத்தியாய எண்கள் நிருபத்துக்கு நிருபம் புதிதாகத் தொடங்காமல் ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. கலாத்தியர் 58 என்ற எண்ணோடு முடிகிறது. அடுத்து வரும் எபேசியர் 59-இல் தொடங்க வேண்டுமல்லவா? அது 70-இல் தொடங்குகிறது! இடையிலிருந்த எண்கள் எங்கே போயின? பல ஏடுகள் தள்ளிப் பார்த்தால், எபிரெயர் நிருபம் 59 என்ற எண்ணோடு தொடங்குகிறது. இந்த எண்களைக் கொண்டிருந்த முற்பட்ட சுவடி ஒன்றில் எபிரெயர் கலாத்தியரை அடுத்து இருந்தது என்பது இதனால் புலனாகிறது. நூலை இடம் மாற்றினார்கள்; எண்ணை மாற்ற மறந்தார்கள். துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கும் மாணவர்களுக்கு, ஆராய்ச்சியும் அத்தகைய சுவை உடையதே என்று சொல்ல இந்த உதாரணம் போதும்.

கி. பி. 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, ஆண்டுதோறும் எழுதும் பஸ்கா கடிதத்தில் புதிய ஏற்பாட்டு நூல்கள் இவை என்று ஒரு பட்டியல் தந்தார். இன்றுள்ள 27 நூல்களையும், கூடுதலோ குறைவோ இன்றிக் கூறும் முதற் பட்டியல் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே. ஆனால் வரிசை? சுவிசேஷங்கள், நடபடிகள், அவற்றை அடுத்து யாக்கோபு முதலியோரின் ஏழு பொது நிருபங்கள், பிறகே பவுலின் நிருபங்கள், இறுதியில் வெளிப்படுத்தின விசேஷம். இன்றைய பதிப்புகளில் பவுல் முன்னும் பொது நிருபங்கள் பின்னும் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட சீனாய்ச் சுவடியிலோ, பவுலின் நிருபங்கள் நடபடிகளுக்கும் முன்னே வந்துவிடுகின்றன. எவை வேதநூல்கள் என்ற கேள்விக்கு விடை இறுகிய பிறகும், எது எங்கே நிற்பது என்ற கேள்வி நெடுங்காலம் இளகியே இருந்தது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், அறிஞர்கள் ஒரே அளவுகோலைக் கொண்டு அளக்கவில்லை என்பது தெளிவாகும். ஓரிடத்தில் காலம், ஓரிடத்தில் தகுதி, ஓரிடத்தில் நீளம், ஓரிடத்தில் பொருளின் இனம், ஓரிடத்தில் ஐயம். தொலைந்து போகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையும் ஓர் அளவுகோலாக இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிந்தித்த ஒரு மனம் இருக்கிறது. பொருளடக்கம் என்பது ஏதோ ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை. அந்தக் கேள்வி எது என்று அறியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்தால், நீளத்துக்காக அடுக்கியதைக் காலத்துக்காக அடுக்கியதாகக் கொண்டு மயங்குவோம்.

நான் மயங்கினேன். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் மூன்று சுவிசேஷங்களை வரிக்கு வரி ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மாற்கின் பெரும்பகுதி மத்தேயுவிலும் லூக்காவிலும் மீண்டும் வருவதைக் கண்டு, மாற்கே முந்தியது, மற்ற இருவரும் அதைப் பயன்படுத்தினர் என்று முடிவு கூறினார்கள். இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர் அக்கருத்தையே ஏற்கின்றனர், மறுப்போரும் உண்டு. மத்தேயுவே முதல் என்று கூறிய ஒரிகேனைப் போன்ற பெரியோர் என் பக்கத்தில் இருந்தார்களே என்று நான் ஆறுதல் அடைய இயலாது. அவர்களிடம் தாங்கள் கேட்டறிந்த மரபு என்ற ஆதாரம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு பொருளடக்கமும் ஒரு சிவப்புப் பேனாவும் மட்டுமே. அந்தப் பையனோ ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தான். "எந்தப் புத்தகம்? அதில் என்ன காரணம் சொல்லியிருக்கிறது?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்று அந்த வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டிருக்கும், ஆசிரியனும் சேர்த்துத்தான்.

தலைமையாசிரியரான பிறகு, புதிதாக வரும் ஆசிரியர்களிடம் ஒன்று மட்டும் தவறாமல் சொல்லி வந்தேன். எல்லாரும் ஒரு விடை எழுத, ஒருவன் மட்டும் வேறு விடை எழுதியிருந்தால், மதிப்பெண் போடுமுன் அவனைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள் என்பதே அது. அந்த மாணவர் பள்ளியை விட்டுப் போன பின் நான் அவரைப் பார்க்கவில்லை. இன்று அவர் நடுவயதைக் கடந்திருப்பார். எங்கேனும் ஒரு வானொலிப் பெட்டியருகே இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த இரண்டு மதிப்பெண்களையும் இப்போது கூட்டிக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.